கெட்டால் சொல்லுமா?

சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் மின்னணுத் திரையில்தான் வந்து நிற்கும். அமெரிக்காவில் நாங்கள் சிலர் பங்கு போட்டு வைத்திருக்கும் செஸ்னா 172, எழுபதுகளில் செய்தது. 1955-இல் முதன்முதலாகப் பறந்த மாடல் இது. உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. விமானிக்கு எதிரே ஆறு வட்டக் கருவிகள்: வேகம், தொடுவானம், உயரம், திரும்பும் வீதம், திசை, ஏறி இறங்கும் வீதம். இவற்றில் எதைக் கழற்றி எதை மாட்டுவது என்று எங்களுக்குள் மாதக்கணக்கில் வழக்கு நடந்தது.

விற்பவர்கள் தரும் தாள்களில் எல்லாம் திரையில் என்னென்ன தெரியும் என்றுதான் இருக்கும். மலை தெரியும், மழை தெரியும், பக்கத்தில் பறக்கிற விமானம் தெரியும். நான் கேட்க நினைத்தது வேறு. இந்தச் சாமான் கெடும்போது எப்படிக் கெடும்?

பழைய தொடுவானக் கருவிக்குள் இருப்பது ஒரு சுழலி. என்ஜினோடு சேர்ந்து ஓடும் வாக்குவம் பம்பு காற்றை உறிஞ்ச, அந்த இழுப்பில் அது சுற்றுகிறது. திசைக் கருவியும் அப்படித்தான். நியூயார்க்கின் மிட்செல் ஃபீல்டில் 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து ஏறி, பறந்து, இறங்கிக் காட்டியதும் ஸ்பெர்ரி செய்த இப்படிப்பட்ட சுழலிகளை நம்பித்தான். சங்கடம் பம்பில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கரி இதழ்கள் தேய்ந்துகொண்டே வந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஆனால் சுழலி உடனே நிற்காது. ஓயப்போகும் பம்பரம் தலையாட்டிச் சாய்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். வெயில் நாளில் அது வெறும் வேடிக்கை. மேகத்துக்குள் என்றால், சாய்வது கருவியா விமானமா என்று தெரியாமல், நேராகப் போய்க்கொண்டிருந்த விமானத்தை விமானி ‘சரிசெய்ய’ ஆரம்பிப்பார். பம்பு இழுக்கிறதா என்று காட்ட மூலையில் ஒரு சின்ன முள் உண்டு. அந்த நேரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

கருவிகளை வைத்துப் பறக்கப் பழகாத 20 பேரை வைத்து இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 1954-இல் வெளியானது. தொடுவானம் கண்ணுக்கு மறைந்ததும் 20 பேருமே விமானத்தைக் கைநழுவவிட்டார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 வினாடி.

மின்னணுக் கருவியில் சுழல்வது எதுவும் இல்லை. சாய்வை உணர்வது சில்லுகள். தன் கணக்கு தனக்கே ஒத்துவராவிட்டால் படத்தை அழித்துவிட்டுப் பெரிய சிவப்புப் பெருக்கல் குறியைப் போட்டுவிடும். வண்ண வண்ண மலைகளைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இந்த நேர்மைதான். இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. சில கருவிகள் சாய்வைக் கணக்கிட வேகத்தையும் துணைக்கு வைத்துக்கொள்கின்றன. வேகம் அளக்கும் பிட்டாட் குழாயைப் பனியோ பூச்சியோ அடைத்துக்கொண்டால் தொடுவானம் என்ன ஆகும், ஜி.பி.எஸ். கைகொடுக்குமா? இதை விற்பவரிடம் விடாமல் கேட்க வேண்டும்.

வீட்டிலேயே விமானம் கட்டிக்கொள்பவர்கள் இந்தத் திரைகளை எப்போதோ மாட்டிக்கொண்டார்கள். எங்களுடையதுபோல் ஆலையில் செய்து சான்று பெற்ற விமானத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வைக்க அந்த மாடலுக்கென்று அனுமதி வேண்டும். 2016-இல்தான் டைனான் டி10ஏ, கார்மின் ஜி5 போன்ற மலிவான கருவிகளுக்கு அந்த வழி திறந்தது.

திரை வந்துவிட்டதாலேயே பத்திரம் என்று சொல்ல முடியாது. 2002 முதல் 2006 வரை தயாரான சிறு விமானங்களை ஒப்பிட்டு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், திரை வைத்தவற்றில் மொத்த விபத்து வீதம் குறைவு. உயிர்போகும் விபத்துகளின் வீதமோ அதிகம். அவை நெடுந்தூரம், மோசமான வானிலையிலும் பறக்கப் பயன்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழக்கம் போதாமையும் உண்டு. உயர முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது ஓரக்கண்ணுக்கே தெரியும். திரையில் ஓடும் எண்ணை நின்று படிக்க வேண்டும்.

பணத்தில் எங்களை இழுத்தடித்தது ஆட்டோபைலட். பழையது திசைக் கருவியிடமிருந்து சமிக்ஞை வாங்கிப் பழகியது. அந்தக் கருவியைக் கழற்றினால் இடையில் ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும். கம்பி வேலைக்குக் கேட்ட கூலியும் கருவி விலையும் தோளோடு தோள் நின்றன.

கடைசியில் தொடுவானத்துக்கும் திசைக்கும் இரண்டு ஜி5 வைத்தோம். முன்னது போனால் பின்னது தொடுவானமாக மாறிக்கொள்ளும். வேகமும் உயரமும் முள்ளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவை காற்றழுத்தத்தில் ஓடுபவை, மின்சாரம் கேட்பதில்லை. பம்பை அடியோடு எடுத்துவிடலாம் என்றபோது பங்காளிகளில் மூத்தவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “மின்சாரமே போனால்?” என்றார். உள்ளிருக்கும் பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும், நம் டாங்கில் இருக்கும் எரிபொருளே ஏறக்குறைய அவ்வளவு நேரத்துக்குத்தான் என்று சொன்னதும் இறங்கி வந்தார். இப்போது அவருடைய கேள்வி, அந்த பேட்டரியை யார், எப்போது சோதித்துக் குறித்துவைப்பது என்பது.