2054 வரைதான் இந்தக் கிராமமா? - வேல்ஸ் கடற்கரையில் ஒரு கோடை நாள்!

பர்மிங்ஹாமில் நர்ஸாக வேலை பார்க்கும் அந்த 24 வயதுப் பெண்ணுக்கு, கோடை விடுமுறை என்றாலே வேல்ஸ் கடற்கரைதான். சின்ன வயதில் பிளாஸ்டிக் வாளியோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன பழக்கம். இந்த முறை அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் தனியாகவே ரயில் ஏறிவிட்டார்.

பார்மத் ஊருக்குச் சுமார் நான்கு மணி நேரப் பயணம். வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் இரண்டாகப் பிரியும். பெட்டி மாறி உட்கார்ந்தால், வேறொரு கடற்கரையான அபெரிஸ்ட்வித்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்! கடைசியில் வருகிறது, 1867-ல் திறக்கப்பட்ட மரப் பாலம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் மேல் சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

பார்மத்தில் வினிகர் தெளித்த சூடான சிப்ஸ். அதைப் பறிக்கக் காத்திருக்கும் கடற்புறாக்களிடமிருந்து பொட்டலத்தைக் காப்பாற்றியபடியே சாப்பிட்டு முடித்தார். பிறகு சின்னப் படகில் அக்கரை. அங்கே குழந்தைகளுக்குப் பிடித்த குட்டி ரயில் நிற்கிறது. வீடு கட்டும் பொருள்களைச் சுமக்க 1895-ல் குதிரை இழுக்கும் டிராமாகத் தொடங்கியது, இப்போது சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிறது. அது போய்ச் சேரும் இடம், ஃபேர்போர்ன்.

'ரிட்டயர் ஆனதும் இங்கே ஒரு சின்ன வீடு வாங்கிடணும்' என்று ஒவ்வொரு கோடையிலும் அம்மா சொன்ன கிராமம் இதுதான்.

டீக்கடையில் பேச்சுவாக்கில் வீட்டு விலையை விசாரித்தார். "கையில் ரொக்கம் இருந்தால் வாங்கலாம். பேங்க் லோன் கிடைப்பது கஷ்டம்" என்றார் கடைக்காரப் பெண்மணி.

காரணம், கடல். தாழ்வான நிலத்தில் இருக்கிறது ஃபேர்போர்ன். முன்னால் கடல், பக்கத்தில் முகத்துவாரம், பின்னால் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர். கடல் மட்டம் உயர்ந்துவருவதால், 2054-க்குப் பிறகு தடுப்புகளைப் பராமரிக்க முடியாது, மக்கள் இடம்பெயர வேண்டியிருக்கும் என்று அரசு தரப்பு திட்டமிட்டது. 2014-ல் செய்தி பரவியதும் வீடுகளின் விலை சரிந்தது. 'ஆபத்து பல ஊர்களுக்கு இருக்க, எங்களுக்கு மட்டும் ஏன் தேதி குறிக்கிறீர்கள்?' என்பது ஊர் மக்களின் கேள்வி.

கடற்கரையில் இரண்டாம் உலகப் போரின்போது எதிரி டாங்கிகளைத் தடுக்க வைத்த கான்கிரீட் கட்டைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 2054-ல் தன் வயது என்ன, அம்மாவின் வயது என்ன?

காலடியில் வழவழப்பான கூழாங்கல் ஒன்று. வருடா வருடம் ஒன்றை எடுத்துப் போவது வழக்கம். இந்த முறையும் எடுத்தார். ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கரையே இந்தக் கற்களால் ஆனதுதானே? எடுத்ததை அங்கேயே வைத்துவிட்டார்.

மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது அம்மாவிடமிருந்து போன். வீட்டு விலை, லோன், 2054... எல்லாவற்றையும் மகள் சொல்ல, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம்.

"வீடு கிடக்கட்டும். அடுத்த வருஷம் ரெண்டு டிக்கெட்டா எடு. முட்டி வலிச்சாலும் பரவாயில்லை, நானும் வர்றேன்!"