பூட்டி வைத்த பந்து

லிவர்பூலில் என் மகன் வீட்டு மாடியில் இரண்டே அறைகள். ஒன்றின் கதவில் நீல ஸ்கார்ஃப் தொங்குகிறது, எதிர்க் கதவில் சிவப்பு. நீலம் மகனுடையது; கால்பந்தில் அவன் எவர்ட்டன் கட்சி. சிவப்பு என் ஒன்பது வயதுப் பேரனுடையது, அவன் லிவர்பூல். 2025 மே மாதம் நான் போய் இறங்கியபோது சிவப்பு அணி, ஏப்ரல் 27-ஆம் தேதியே லீக் பட்டத்தை உறுதி செய்துவிட்டிருந்தது. அவர்களுக்கு அது 20-ஆவது பட்டம். நீல அணியோ 1892 முதல் குடியிருந்த குடிசன் பார்க் மைதானத்தைக் காலி செய்துகொண்டிருந்தது. ஓர் அறையில் கல்யாணக் களை, எதிர் அறையில் இழவு வீட்டு அமைதி.

"அம்மா, நீங்க முப்பத்து நாலு வருஷம் சண்டே ஸ்கூல் நடத்துனவங்க. எத்தனை பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவந்திருக்கீங்க! இந்த ஒருத்தனை நம்ம பக்கம் இழுத்துத் தாங்களேன்" என்றான் மகன். பாதி விளையாட்டு, பாதி வேண்டுதல்.

அவன் சொன்ன கணக்கு சரிதான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சேகரத்தில் சிறுவர் ஊழியம் என் பொறுப்பு. மனன வசனம், ஃபிளானல் போர்டு, கோடையில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, அட்டையில் வெட்டிய சிங்கம், அதோடு தானியேல். பிள்ளைகளை உட்கார வைக்கத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையின் மனசை ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற்றுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மகன் நீலமானதற்கும் ஆராய்ச்சி எதுவும் காரணமில்லை. நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில், இரவுப் பணியில் கூட இருந்த ஒருவர், "ஞாயித்துக்கிழமை தனியா இருக்காதே, வா" என்று குடிசனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அன்று எதிர்த்து ஆடிய அணி எது என்றுகூட மகனுக்கு நினைவில்லை. நீட்டிய கை மட்டும் நினைவிருக்கிறது. பேரனுக்கோ பள்ளியில் பக்கத்து இருக்கைப் பையன் சிவப்பு. அவ்வளவுதான் சங்கதி.

மகனுக்கு வேலை நாட்களில் ஓய்வு கிடையாது. அதனால் பள்ளி விட்டதும் பேரன்தான் எனக்கு வழிகாட்டி. ஒரு மாலை எவர்ட்டன் மேட்டுக்கு பஸ் ஏறினோம். அது ஊரின் உயரமான பகுதி. மேலே நின்றால் கீழே மெர்சி ஆறும், தெளிந்த நாளில் அதற்கப்பால் வேல்ஸ் நாட்டு மலைகளும் தெரியும். சரிவில் உருண்டையாக ஒரு கல் கூண்டு நிற்கிறது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை ஒரு ராத்திரி அடைத்து வைக்க 1787-இல் கட்டிய சிற்றறை. இன்று அதுதான் எவர்ட்டன் அணியின் சின்னத்தில் கோபுரமாக நிற்கிறது.

"ஜெயிலையா பேட்ஜ்ல போட்டிருக்காங்க?" என்று பேரனுக்கு ஒரே கொண்டாட்டம். அப்பாவைக் கிண்டல் செய்ய ஒரு புதுச் சரக்கு கிடைத்துவிட்டது.

நான் அங்கே போனது கூண்டைப் பார்க்க அல்ல. அந்த மேட்டில் செயின்ட் டொமிங்கோ என்ற பெயரில் ஒரு மெதடிஸ்ட் கோயில் இருந்தது. இப்போது கோயில் இல்லை. தெருப் பெயராக மட்டும் மிச்சம் இருக்கிறது. 1877-இல் அங்கே போதகராக வந்தவர் பென் ஸ்விஃப்ட் சேம்பர்ஸ். வேதபாட வகுப்புப் பையன்கள் கோடையில் ஆட அவர் ஒரு கிரிக்கெட் குழு அமைத்தார். கோடை முடிந்தால் பையன்கள் கலைந்துவிடுவார்களே, குளிர்காலத்துக்கு என்ன வழி? அந்தக் கவலைக்குப் பதிலாக 1878-இல் வந்ததுதான் கால்பந்துக் குழு.

கோயிலைச் சேராதவர்களும் ஆட வந்தார்கள். கோயில் பெயர் அவர்களுக்குப் பொருந்தவில்லை. 1879 நவம்பரில் கூடிப் பேசி, ஊர்ப் பெயரான எவர்ட்டன் என்பதையே அணிக்கு வைத்தார்கள். கூடிய இடம் குயின்ஸ் ஹெட் என்ற மதுவிடுதி! எங்கள் சேகரத்தில் சண்டே ஸ்கூல் பெயரை மாற்ற யாராவது ஒயின் ஷாப்பில் கூடியிருந்தால் எங்கள் போதகர் ஐயா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஸ்டான்லி பூங்காவில் அந்தப் பெயரோடு முதல் ஆட்டம். எதிரணியும் ஒரு கோயில் அணிதான், செயின்ட் பீட்டர்ஸ்.

சிறுவர் ஊழியம் செய்கிற எவருக்கும் இந்தக் கதையில் பிடிபடுகிற ஒரு முடிச்சு உண்டு. அந்தப் போதகர் பையன்களிடம் பந்தைக் கொடுத்தார். பந்து அவர் கையை விட்டுப் போனது, கோயிலை விட்டுப் போனது, அவர் வைத்த பெயரையும் விட்டுப் போனது. மெதடிஸ்ட் முறைப்படி அவரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். 1901-இல் இறந்து, யார்க்‌ஷயரில் ஷெப்லி என்ற சிற்றூரில் அடங்கியிருக்கிறார். எனக்கு அந்த மேட்டில் நிற்கும்போது எங்கள் கோயில் பின்கட்டில் இருக்கும் மர அலமாரி ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"ஆச்சி, என் டீம் எங்க ஸ்டார்ட் ஆச்சு?" என்றான் பேரன்.

"உன் டீமும் இங்கதான் தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை.

எவர்ட்டன் அணி 1884-இல் குடியேறிய மைதானம் ஆன்ஃபீல்ட். ஆமாம், இன்று லிவர்பூலின் கோட்டையாக இருக்கிற அதே இடம். இடத்துக்கு ஏற்பாடு செய்தவர் ஜான் ஹோல்டிங். பீர் ஆலை முதலாளி, அரசியல்வாதி. ஆட்டக்காரர்கள் உடை மாற்றியதே அவருடைய ஹோட்டலில்தான். மைதானத்தில் பானம் விற்கும் உரிமையும் அவர் கையில். வாடகை ஆண்டுக்கு 100 பவுனிலிருந்து 250 பவுனுக்கு ஏறியது. எதிர்த்து நின்றவர் ஜார்ஜ் மஹோன், அதே செயின்ட் டொமிங்கோ கோயிலில் ஆர்கன் வாசித்தவர். 1892-இல் எவர்ட்டன் மூட்டை கட்டிக்கொண்டு பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய் குடிசனைக் கட்டியது. காலி மைதானத்தோடு நின்ற ஹோல்டிங், அதை நிரப்ப ஒரு புது அணி தொடங்கினார். அதுதான் லிவர்பூல்.

எங்கள் பக்கத்திலும் ஒரு சபை இரண்டான கதை உண்டு. அங்கேயும் முதல் பொறி வாடகைதான், கோயில் கடைகளின் வாடகை. இப்போது இரண்டு பாடகர் குழு, இரண்டு அசன விருந்து, ஒரே கல்லறைத் தோட்டம். அண்ணன் ஒரு கோயிலுக்கும் தம்பி மறு கோயிலுக்கும் போகிற வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேச்சு கிடையாது.

"இன்னொண்ணு கேளு" என்றேன் பேரனிடம். "உங்க ஆளுங்க மொதல்ல போட்ட சட்டை நீலமும் வெள்ளையும். சிவப்பு வந்தது 1896-லதான்."

"பொய் சொல்றீங்க ஆச்சி!"

ராத்திரி அப்பாவிடம் கேட்டான். மகன் சாம்பாரை ஊற்றிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினான். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்திருந்துவிட்டுப் பையன் கேட்டான்: "அப்ப அப்பா டீமும் என் டீமும் ஒரே சண்டே ஸ்கூலா?"

மே 18, ஞாயிற்றுக்கிழமை. குடிசனில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம், சவுதாம்ப்டனுக்கு எதிராக. தொடக்கம் பகல் 12 மணி. முந்தின ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. காய்ச்சலிலும் நான் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டவள் அல்ல. ஓய்வுநாளில் பந்தாட்டமா என்று பிள்ளைகளைக் கடிந்தவள். மகனிடம் ஒரே டிக்கெட்தான் இருந்தது. "வெளியே நின்னாலும் போதும், ஆச்சியக் கூட்டிட்டு வா" என்று பேரனிடம் சொல்லிவிட்டுப் போனான். காலையில் வேதத்தை மூடி வைத்துவிட்டு ஸ்வெட்டரை எடுத்தேன். பேரன் ஒரு சாம்பல் கோட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டான். உள்ளே என்ன சட்டை என்று நான் கேட்கவில்லை.

குடிசனைச் சுற்றியிருந்த தெருக்களில், டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள். நீலப் புகை கண்ணை எரித்தது. தாத்தா தோளில் அப்பா கை, அப்பா தோளில் பிள்ளை. மைதானத்தின் ஒரு மூலையில், இரண்டு கேலரிகளுக்கு நடுவே அதன் உறுப்புப் போலவே ஒட்டி நிற்கிறது செயின்ட் லூக் கோயில். நான் அதன் சுவரோரம் இடம் பிடித்தேன். ஆராதனையைத் தவறவிட்ட குற்றத்துக்கு, கோயில் நிழலாவது கிடைக்கட்டுமே.

உள்ளேயிருந்து ஒரு சைரன் ஊளையிட்டது, பிறகு மேளமும் குழலுமாக அவர்கள் அணி இறங்கும் மெட்டு. பக்கத்தில் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஏதோ சொன்னார். லிவர்பூல்காரர்கள் பேசுகிற ஆங்கிலம் எனக்குப் பிடிபடாது. பேரன்தான் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பான். "இவங்க அப்பாவோட சாம்பல் உள்ளதான் இருக்காம் ஆச்சி, கோடு பக்கத்துல." நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தியை இந்த ஆடுகளத்தின் ஓரத்தில் புதைத்திருக்கிறார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். இடம் போதாமல், 2004-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்களாம். கோயிலும் கல்லறையும் ஒட்டி இருப்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் அந்தக் கிழவர் எனக்கு அந்நியராகப் படவில்லை.

முதல் பாதியிலேயே இரண்டு கோல். இரண்டும் செனகல் நாட்டு இலிமான் என்ஜாய் அடித்தது. சுவருக்கு அப்பால் எழுந்த சத்தத்தில் பேரன் தன்னை மறந்து குதித்தான். ஜிப் இறங்கி, சிவப்புக் காலர் எட்டிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. கிழவர் பார்த்துவிட்டார். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு புதினா மிட்டாயை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"என்ன தம்பி சொன்னாரு?"

"அவரோட பிரதர் ரெட்தானாம். சண்டே சாப்பாட்டுக்கு இன்னைக்கும் இவர் வீட்டுக்குத்தான் வருவாராம்."

ஆட்டம் 2-0 என்று முடிந்தது. மைதானத்தை இடிக்கப்போவதில்லை, இனி பெண்கள் அணி ஆடும் என்று அந்த வாரம்தான் அறிவித்திருந்தார்கள். ஆண்கள் அணி ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதியில் 52,000 பேருக்கு மேல் கொள்ளும் புது அரங்குக்குப் போகவிருந்தது. இருந்தும், ஜனங்கள் கலையவில்லை. பெரிய பெரிய ஆண்கள் சுவரைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள்.

நாங்கள் ஸ்டான்லி பூங்கா வழியாக ஆன்ஃபீல்ட் பக்கம் நடந்தோம். இரண்டு மைதானங்களுக்கும் நடுவே ஒரு மைல்கூட இல்லை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 97 பேர். மிகச் சிறியவனுக்கு வயது 10. அடுத்த வாரம் இந்தப் பூங்காவின் குறுக்கே, ஆன்ஃபீல்டிலிருந்து குடிசன் வரை, சிவப்பும் நீலமுமாக ஸ்கார்ஃபுகளை முடிந்து ஒரு சங்கிலி கட்டினார்கள். ஆன்ஃபீல்டில் 97 பேரின் நினைவிடத்தின் முன்னால் நின்று பேரன் வயதுகளை வாசித்தான். பத்து என்ற எண்ணைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பூங்காவில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. நான் குனிந்து கையால் எடுத்தேன். "ஹேண்ட்பால் ஆச்சி!" என்று பேரன் கத்தினான்.

அந்த அலமாரிக் கதை இதுதான். இருபது வருஷம் முன்னால், சண்டே ஸ்கூல் நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் நாலைந்து பையன்கள் பந்து ஆடினார்கள். நான் போய்ப் பந்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பந்துக்குச் சொந்தக்காரன் ஒல்லியான பையன்; வசனத்தை ஒருமுறை கேட்டால் ஒப்பிப்பான். "டீச்சர், அடுத்த வாரம் தருவீங்களா?" என்றான். "அடங்கி இருந்தா பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவன் அம்மாவிடம் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ சொன்னாள். பந்து அலமாரியிலேயே காற்றுப் போய்ச் சப்பிக் கிடந்தது. ஒவ்வொரு வி.பி.எஸ்ஸுக்கும் அட்டைச் சிங்கத்தை எடுக்கும்போது அதை ஓரமாக நகர்த்தி வைப்பேன். தூக்கி எறிய மனசு வராது, திருப்பிக் கொடுக்கத் தைரியமும் வரவில்லை.

கொடுத்துவிட்டுப் போன ஒரு போதகரின் ஊரில் உட்கார்ந்து அதை நினைத்தபோது, மகன் என்னிடம் கேட்ட உதவிக்கும் பதில் தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளையை இழுத்து வர எனக்கு உரிமை கிடையாது. கூட நிற்கலாம். கை நீட்டலாம். அவன் கோயிலுக்கு வருவதும் அப்படித்தான், நீலத்துக்கு வருவதும் அப்படித்தான். வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவனுக்கு ஓர் இலை உண்டு.

ஊரில் என் இடத்தில் இப்போது சண்டே ஸ்கூல் நடத்துகிற பெண்ணுக்கு அன்று ராத்திரி போன் போட்டேன்.

"அக்கா, இந்நேரத்துல! ஒண்ணும் விசேஷமில்லையே?"

"பின்பக்கம் பயலுவ இன்னும் பந்து விளையாடுதானுவளா?"

"ஆமாக்கா, சொன்னாக் கேக்க மாட்டேங்கானுவ. புடுங்கி வச்சிரட்டா?"

"வேண்டாம்மா. கிளாஸ பத்து நிமிஷம் முன்னால முடி. நீயும் போயி நின்னு பாரு. அப்புறம், அந்த அலமாரிச் சாவி ஒங்கிட்டதான இருக்கு?"