இரண்டு சிறு வார்த்தைகள்

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் கடினமான பதங்களுக்குப் பொருள் கேட்டால் நம் மாணவர்கள் தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடுவார்கள். உத்தியோகத்தில் அவர்களைத் திணற அடிப்பவை சின்னஞ்சிறு வார்த்தைகளே. 'லே' சிறிய சொல். 'ஆஃப்' அதனினும் எளியது. இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் படுத்திய பாட்டை நாம் கண்டோம்.

கோயமுத்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் நம் பழைய மாணவன் ஒருவன் மூன்று வருஷமாக வேலை பார்த்தான். நூல் விற்பனை மந்தமாயிற்று. ஆலை வாசலில் 'லே-ஆஃப்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பையன் கைப்பேசியில் அர்த்தம் தேடினான். 'வேலைநீக்கம்' என்று வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்கர்கள் அந்தச் சொல்லை இப்போது பெரும்பாலும் அப்பொருளில்தான் வழங்குகிறார்கள். நம் தேசத்துச் சட்டமோ வேறு பாஷை பேசுகிறது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்த்த பிரிவுகள் 'லே-ஆஃப்' வேறு, 'ரிட்ரெஞ்ச்மெண்ட்' வேறு என்று பிரித்தன. பின்னதுதான் ஆட்குறைப்பு. முன்னது, கச்சாப் பொருள் இல்லாமலோ சரக்குத் தேங்கியோ தற்காலிகமாக வேலை கொடுக்க இயலாத நிலை. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவனுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. 2020-இல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை.

ஆனால் அந்தப் பாதிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தினம் ஒரு முறையேனும் குறித்த வேளையில் ஆலைக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு யார் கொடுப்பார்கள்? "வாத்தியாரய்யா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று அவன் தாயார் நோட்டீஸின் நகலை நம்மிடம் நீட்டியபோது பதினெட்டு நாள் கழிந்திருந்தது. மறுநாளே அவனை ஆலைக்கு அனுப்பிவைத்தோம். கழிந்த நாட்களுக்குரிய காசு போனது போனதுதான்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறோம். வீட்டுக்கு வரும் சம்பளச் சீட்டு, உத்தரவு, நோட்டீஸ் எதுவானாலும் பிள்ளைகள் கொண்டுவரலாம். சென்ற வாரம் ஒரு பெண் தன் அக்காளுக்கு வந்த நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்தாள். ஆறு மாதம் 'புரொபேஷன்' என்று அதில் கண்டிருந்தது. அகராதியைப் புரட்டிய தகப்பனார், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவது என்று படித்துவிட்டு, "என்னம்மா செய்தாய்?" என்று மூத்த மகளை இரவெல்லாம் விசாரித்தாராம்!