கார்டு லைனில் ஒரு கடல்

பாறைப் பாடம் நடத்திய மறுநாள் கேட்டால் பிள்ளைகள் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்றையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். மைதானத்தில் கிடக்கும் கல்லை எடுத்துக் கையில் கொடுத்து இது எந்த வகை என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பை ரயிலேற்றினேன். எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி. ரயில்வேக்காரர்கள் கார்டு லைன் என்று சொல்லும் பாதை. ஏறக்குறைய 337 கிலோமீட்டர். இறங்கி ஏறி, இடையில் வேன் பிடித்து, மூன்று நாள் போனோம்.

கிளம்பும்போதே ஒரு கணக்குக் கொடுத்தேன். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. எழும்பூரில் பூமி பிறந்தது, திருச்சி ஜங்ஷன் இன்றைய நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ஆண்டு? 1.35 கோடி என்று போட்டுவிட்டார்கள். அப்படியானால் டைனோசர்கள் அழிந்தது திருச்சிக்கு 5 கிலோமீட்டர் முன்னால். நம்மைப் போன்ற மனிதர் தோன்றி 3 லட்சம் ஆண்டு; அது 22 மீட்டர், ஒரு பெட்டியின் நீளம். கரிகாலனின் கல்லணை ஒரு சாண்கூட வராது. ஒரு பெண் விரலை விரித்து ஜன்னல் கம்பியில் சாண் அளந்து பார்த்தாள்.

ஆனால் பாறைகள் இந்த வரிசையில் நமக்காகக் காத்திருப்பதில்லை. புத்தகத்தின் கால அட்டவணை மறைக்கிற விஷயமே அதுதான்.

பல்லாவரத்தில் முதல் இறக்கம். அங்குள்ள குன்றுகளின் நீலச் சாம்பல் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கல் இது. "அப்போ இதுக்கு மேல இருந்ததெல்லாம் எங்க சார் போச்சு?" என்று ஒருவன் கேட்டான். இந்தக் கேள்வி வருவதற்காகவே பல்லாவரத்தில் இறங்கலாம். மழையும் காற்றும் ஆறும் அத்தனை கிலோமீட்டர் பாறையையும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோயின. அதற்குத்தான் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாறு. தண்ணீர் இல்லை, மணல்தான். மயிலத்தில் இறங்கித் திருவக்கரை போனோம். செம்மண் மேட்டில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்களுக்குள் நிலத்தடி நீரின் சிலிக்கா அணு அணுவாகப் புகுந்து, மரம் இருந்த இடத்தில் கல்லை வைத்துவிட்டது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பல்லாவரத்தோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை.

விருத்தாசலத்தில் நேரம் அதிகமில்லை. அந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம், பழமலை. மலை எங்கே என்று பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற மலை இல்லை. மலையும் தேய்ந்து தரையாகும் என்பதைப் பல்லாவரத்திலேயே பேசியிருந்ததால் அந்தப் பெயர் அவர்களை விடவில்லை.

வெள்ளாற்றைக் கடந்து அரியலூர். இங்கே ஒரு நாள் முழுவதும் கொடுத்தேன். இன்னொரு நாள் கொடுத்திருக்க வேண்டும். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது நம் கிழக்குக் கரை உண்டானது. தாழ்ந்த நிலத்தில் கடல் ஏறி, டைனோசர்களின் கடைசிக் கட்டமான கிரிடேசியஸ் காலத்தில் பல கோடி ஆண்டுகள் வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அதன் அடித்தரைதான் இன்றைய சோளக்காடும் பருத்திக்காடும். காரை கிராமத்தருகே மழை அறுத்த ஓடைகளில் துப்பாக்கித் தோட்டா போன்ற கற்கள் கிடக்கும். கணவாய் மீனின் தூரத்து உறவான பெலம்நைட்டுகளின் உள்ளோடு அவை. பக்கத்தில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லாக மின்னும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது, புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகுக்குச் சொன்னது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகளும் கடலுயிர்களின் ஓடுகளும் நிறைந்திருக்கின்றன. அதை வெட்டித்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. நம் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒரு கடல் இருக்கலாம் என்றேன். சிமென்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் யாரும் படிக்காத பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போடுவதுபோல், பார்க்காமலே அரைக்கப்படும் புதைபடிவங்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: பாருங்கள், வரையுங்கள், எடுத்துப் பையில் போடாதீர்கள்.

அடுத்த முக்கிய நிறுத்தம் கல்லக்குடி. 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லிக் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த இடம். நிலையத்தின் பெயர் மாறிவிட்டது. புவியியலாளர்கள் மட்டும் இங்குள்ள பவளப்பாறைச் சுண்ணாம்புப் படிவத்தை இன்னும் டால்மியாபுரம் படிவம் என்றே எழுதுகிறார்கள்.

லால்குடிக்குப் பிறகு எல்லாம் வயலும் வண்டலும். கொள்ளிடம் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. கீழே தெரிந்த மணல், மேற்கே எங்கோ ஒரு மலையாக இருந்தது. கிழக்கே போய்ப் படிந்து மறுபடி பாறையாகும். அதை நான் சொல்லவில்லை. கதவருகே இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மலைக்கோட்டையில் ஏறினோம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் பல்லாவரத்தில் ஒரு குகையைக் குடைந்தான், இங்கும் குடைந்தான். எங்கள் பயணத்தின் இரண்டு முனையிலும் அவன் உளி கடினப் பாறையோடுதான் மோதியிருக்கிறது. உச்சியில் ஒரு பையன் குனிந்து பாறையை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தான். சிப்பி தேடுகிறான் என்று பக்கத்தில் நின்ற பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"இங்க கிடைக்காதுடா. அரியலூருக்குக் கடல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இது கல்லாயிடுச்சு."