அடுப்படியை எட்டிப் பார்க்கும் கோபுரம்

ஹெல்சிங்கியில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் எஸ்டோனியாவின் தலைநகரமான தாலின் வந்துவிடுகிறது. அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய நகரைச் சுற்றிக் கோட்டை மதில். அதில் 'கீக் இன் டே கோக்' என்று ஒரு கோபுரம்.

"அப்படின்னா என்னடி?"

"'அடுப்படியை எட்டிப் பார்'னு அர்த்தம்மா. மேலே நின்ன காவல்காரங்களுக்குக் கீழ் வீட்டு சமையலறையெல்லாம் தெரியுமாம்!"

நம் தெரு மொட்டைமாடிகளுக்கும் இந்தப் பெயரை வைக்கலாம்.

இத்தனை மதில் இருந்தும் 2007 ஏப்ரலில் இந்த நாட்டைத் தாக்கிவிட்டார்கள், கம்ப்யூட்டர் வழியாக. சோவியத் காலப் போர்வீரன் சிலை ஒன்றை இடம் மாற்றியதில் கலவரம் மூண்ட நேரம் அது. பாங்குகள், பத்திரிகைகள், அரசாங்கம் எல்லாவற்றின் இணையதளங்களும் பொய் அழைப்புகளால் திணறின. ஊரே திரண்டு வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் உண்மையான விருந்தாளி எப்படி உள்ளே வருவார்?

மறு வருஷமே நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் இங்கே அமைந்தது. 2010-ல் தொடங்கி அது 'லாக்ட் ஷீல்ட்ஸ்' என்ற ஒத்திகையை நடத்துகிறது. பெரிலியா என்று ஒரு கற்பனை நாடு; அதன் மின்சாரம், குடிநீர் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். சிவப்பு அணி தாக்கும், நீல அணிகள் காக்கும். நடுவே நிருபர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். மார்க்கும் உண்டு! 2024-ல் சுமார் 4,000 பேர் கலந்துகொண்டார்கள்.

"இவ்வளவு படிச்சவங்களுமா ஏமாறுவாங்க?" என்றேன்.

"ஏமாறாம எப்படிம்மா? இங்கே ஏமாந்தா நஷ்டமில்லை. அதுக்குத்தானே ஒத்திகை!"

அப்போதுதான் ஒரு வருஷமாக மறைத்ததைச் சொன்னேன். பாங்க் ஆள் என்று போனில் பேசியவனிடம் ரகசிய எண்ணைச் சொல்லி 18,000 ரூபாய் தொலைத்த கதை. அவள் திட்டவில்லை. "உடனே 1930-க்குப் போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றாள், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டிலும் ஒத்திகை. பக்கத்து அறையிலிருந்து பாங்க் மானேஜராகக் கூப்பிட்டாள், போனை வைத்துவிட்டேன். போலீஸாக மிரட்டினாள், அதற்கும் அசையவில்லை. மூன்றாம் தடவை, "அம்மா, ஏர்போர்ட்ல பிடிச்சுட்டாங்க, பணம் அனுப்பும்மா" என்று அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று தெரியும். இருந்தும் கை பர்ஸைத் தேடியது.

இப்போது எங்களுக்குள் ஒரு அடையாள வார்த்தை வைத்திருக்கிறோம். அதைச் சொல்லாமல் யார் அழுதாலும் பணம் கிடையாது. அடுப்படிச் சாமான் ஒன்றின் பெயர். எதுவென்று உங்களிடமும் சொல்லமாட்டேன்!