பேய்க்குளத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்துவிட்டு நேரே ஊர் திரும்புவதாகத் தங்களிடம் சொல்லிப் புறப்பட்டவன், இப்போது தாமிரபரணிக்குத் தெற்கே, பனங்காட்டுக்கும் செம்மணல் தேரிக்கும் நடுவிலுள்ள பேய்க்குளம் என்னும் ஊரில், ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து இக்கடிதத்தை வரைந்துகொண்டிருக்கிறேன் என்று அறிந்தால், தாங்கள் முதலில் என் புத்தி ஸ்வாதீனத்தைப் பற்றியும் பிறகு என் வழித்துணையைப் பற்றியும் சந்தேகிப்பீர்கள். இரண்டும் சரியாகவே இருக்கின்றன. பெயரின் விநோதத்துக்காகவே இறங்கினேன்.

இந்தச் சீமையின் படத்தை விரித்துப் பார்த்தால், சொர்க்கமும் நரகமும் எவ்வளவு அண்டை வீட்டுக்காரர்கள் என்பது விளங்கும். ஆற்றங்கரையில் ஸ்ரீவைகுண்டம், அதற்குக் கிழக்கே நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி, சற்றுத் தெற்கே ஏசுநாதரின் ஊர்ப்பெயரைத் தாங்கிய நாசரேத், அங்கிருந்து மேற்கே அதிக தூரம் போகாமலே பேய்க்குளம், அதற்கும் தெற்கே சாத்தான்குளம். வைகுண்டத்தில் காலையில் பெருமாளைச் சேவித்தவன், வெயில் ஏறுவதற்குள் பேயையும் சாத்தானையும் பார்த்துவிடலாம். ரிஷிகளுக்குக்கூட ஒரே ஜன்மத்தில் வாய்க்காத பிரயாணம் இது. சாத்தான்குளம் என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டிய பேருந்தில், நெற்றியில் திருமண் இட்டவரும் விபூதி பூசியவரும், கழுத்தில் சிலுவை அணிந்தவரும் முண்டியடித்து ஏறுகிறார்கள். போகும் இடத்தைப் பற்றி ஒருவருக்கும் அச்சமில்லை, உட்கார இடம் கிடைக்கவில்லையே என்பது ஒன்றே அவர்களுடைய விசாரம்.

குளத்தைப் போய்ப் பார்த்தேன். ஆவணி மாதத்து வெயிலில், கரையோரம் உடைமரம் அடர்ந்து, உள்ளே களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மடையின் கல்தூண்களில் ஒன்றின் உச்சியில் ஒரு மீன்கொத்தி, பழைய நினைவில் வந்து உட்கார்ந்ததைப்போல், கீழே உலர்ந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுக் குளத்தில் பையன்கள் மூன்று பனை மட்டைகளை நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், நகரத்தான் கேட்கக்கூடிய கேள்வியை நானும் கேட்டேன்: "இங்கே பேய் உண்டா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி இருந்தாத்தான அண்ணாச்சி பேய் குளிக்க வரும்? ஐப்பசி மழைக்கு அப்புறம் வாங்க, ரெண்டும் இருக்கும்" என்றார். நாட்டின் நீர்ப்பாசன நிலைமையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான அறிக்கையை நான் வாசித்ததில்லை.

இந்தப் பிரதேசத்தில் ஊர்களுக்குப் புதுப் பெயர் சூட்டுவதில் யாரும் சோம்பி இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், புதிதாக மதம் மாறியவர்களுக்கென்று ஒரு குடியிருப்பை உண்டாக்கியபோது, முதலில் உண்டான ஊராதலால் அதை முதலூர் என்றே அழைத்தார்கள். அந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிற்பாடு மெய்ஞ்ஞானபுரம் வந்தது, சுவிசேஷபுரம் வந்தது. சாயர் என்பவரின் பெயரால் சாயர்புரம் எழுந்தது. நாங்குநேரிப் பக்கத்திலோ, இந்தியாவின் வெயிலை ஒருநாளும் அனுபவியாத டோனா என்னும் ஜெர்மானியப் பிரபு பணம் அனுப்பிய புண்ணியத்துக்கு, டோனாவூர் என்று ஓர் ஊரே அவர் பெயரில் நிலைத்துவிட்டது. இத்தனை ஞானஸ்நானம் நடந்த சீமையில், எந்தப் பாதிரியாரும் முதலில் கைவைத்திருக்கவேண்டிய இரண்டு பெயர்கள் மட்டும் தண்ணீர் தெளிக்கப்படாமல் தப்பிவிட்டன. 1841-இல் இடையன்குடிக்கு வந்து, அரை நூற்றாண்டு இம்மண்ணில் உழைத்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், இந்த ஜனங்களின் பேய் வழிபாட்டைப் பற்றி விஸ்தாரமாக எழுதினார். ஆயினும் பேய்க்குளம் பேய்க்குளமாகவே இருந்தது.

காரணம் என்னவென்று யோசித்தேன். ஊரின் பெயரை மாற்றினால் திண்டாடுபவர் தபால்காரர் ஒருவரே. குளத்தின் பெயரை மாற்றினாலோ ஆயக்கட்டு, மடைப்பங்கு, பட்டா, அடமானப் பத்திரம், அண்ணன் தம்பி வழக்கு ஆகிய யாவும் கலங்கிப்போகும். பேயோடு வாழலாம், தாசில்தார் கச்சேரியில் பெயர்த்திருத்த மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

சாத்தான்குளத்தின் பெயர் 2020-இல் நாடெங்கும் ஒலித்தது, காவல்துறையின் பிடியில் ஒரு தந்தையும் மகனும் இறந்த பெருந்துயரத்தால். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நான் சொல்வது அந்தப் பழைய பெயரை மட்டும் பற்றியது. பாவம், அந்தச் சாத்தான் ஒரு நிரபராதி. சாத்தன் என்பது ஐயனாரின் புராதனப் பெயர். மணிமேகலையைப் பாடிய புலவரே சீத்தலைச் சாத்தனார்தாம். குளக்கரையில் அமர்ந்து ஊரையும் நீரையும் காவல் காப்பது ஐயனாரின் உத்தியோகம். பங்குனி உத்திரத்தன்று தம் குலதெய்வமாகிய சாஸ்தாவைத் தேடிப் புறப்படாத குடும்பம் இந்தத் தென்பாண்டிச் சீமையில் அபூர்வம். பைபிளைத் தமிழாக்கியவர்கள் எபிரேயத்துப் பகைவனைச் சாத்தான் என்று எழுதிய நாள் முதல், கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த காவல்காரர்மீது, அவர் செய்யாத குற்றமெல்லாம் விழுந்துவிட்டது. உள்ளூர்க் கிறிஸ்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. கலியாணப் பத்திரிகையில் தேவ கிருபையையும் சாத்தான்குளத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வாழ்ந்து வருகிறார்கள்.

பேயின் கேஸ் இன்னும் பலமானது. தமிழில் பேய் என்றாலே பயம் என்று யார் சொன்னது? மயிலாப்பூரில் அவதரித்து மூன்றாம் திருவந்தாதி பாடிய மகானைப் பேயாழ்வார் என்கிறோம். காரைக்கால் அம்மையார் ஈசனிடம் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஈசனே அவரை அம்மையே என்று அழைத்ததாகப் புராணம். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடியவர் பேயனார் என்னும் சங்கப் புலவர். ஏதேனும் ஒரு பரீட்சைத்தாளில் அப்பெயரைக் கண்டு சிரிக்காத மாணவன் இருந்திருக்கமாட்டான். அடங்காமல் பொழிவது பேய்மழை. மனிதர் நடாமல் தானே காட்டில் முளைப்பவை பேய்ப்புடலும் பேய்ச்சுரையும். எனவே, மனிதர் கைக்கு அடங்காத பெருங்குளம் என்ற பொருளில்தான் யாரோ ஒரு பாட்டன் வியந்து இப்பெயரை வைத்திருப்பான் என்பது என் சொந்த அபிப்பிராயம். இதைத் தேநீர்க் கடைக்காரரிடம் எடுத்துரைத்தேன். அவர் பாலை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியும் இருக்கும். ஆனா எங்க ஆத்தா ராத்திரி அந்தக் கரை வழியா வர விடமாட்டா" என்றார். ஆராய்ச்சிக்கும் ஆத்தாளுக்கும் தகராறு வந்தால் ஆத்தாள் பக்கம் நிற்பதே விவேகம் என்று, நான் மேற்கொண்டு வாதிக்கவில்லை.

இவ்வூரார் பேயை ஒரு முகவரியாகத்தான் பார்க்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அப்பெயரைச் சட்டைப்பையில் குத்திய அட்டையில் சுமக்கிறார்கள். கடைப் பலகைகளிலும், வைப்புநிதிச் சீட்டுகளிலும், சென்னைக்கும் பம்பாய்க்கும் போன பிள்ளைகளுக்கு இங்கிருந்து கட்டி அனுப்பும் கருப்பட்டிச் சிப்பத்தின்மேலும் அதே பெயர்தான். வெளியூர்க்காரன் இதைக் கேட்டு முகத்தை மாற்றிக்கொள்ளும்போது மட்டும் அவர்களுக்குச் சற்று உற்சாகம் பிறக்கிறது. அதை நான் கண்ணாரக் கண்டேன்.

தாங்களும் அவசியம் ஒருமுறை வரவேண்டும். பதநீர் வேண்டுமானால் சித்திரை, வைகாசியில் வாருங்கள். தண்ணீர் நிறைந்த குளம் வேண்டுமானால் கார்த்திகைக்குப் பிறகு. திருநெல்வேலியில் சாத்தான்குளம் பேருந்தில் ஏறி, நடத்துநர் அருகில் வந்ததும் தயங்காமல் "பேய்க்குளம் ஒன்று" என்று கேளுங்கள். அவர் சிரிக்கமாட்டார், சரியான சில்லறையை மட்டும் கேட்பார்.

தங்கள் அன்புள்ள,
வழிப்போக்கன்