மோப்பத்தில் தொடங்கிய மூளை

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிடைத்த ஒரு மண்டையோட்டின் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். நீளம் 12 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. சுமார் 19.5 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் காலத்தில் வாழ்ந்த ஹாட்ரோகோடியம் என்ற பிராணியுடையது. அதன் எடை 2 கிராம்தான் இருந்திருக்கும் என்கிறார்கள்.

மூளை கல்லாகி மிஞ்சுவது மிக அரிது. ஆனால் பாலூட்டிகளின் மூளை மண்டைக்குள் நெருக்கி நிறைந்திருப்பதால் அதன் உருவம் எலும்பின் உட்புறத்தில் பதிந்துவிடுகிறது. 2011இல் டிமோதி ரோவும் உடன் ஆய்வாளர்களும் இந்த மண்டையோட்டையும், மோர்கனுகோடான் என்ற இன்னொரு ஆதிப் பிராணியின் மண்டையோட்டையும் சி.டி. ஸ்கேன் எடுத்து, உடைக்காமலே உள்ளே பார்த்தார்கள். அங்கே பெருத்திருந்தது மோப்பத்துக்கான பகுதி. அடுத்தது தொடு உணர்வு. உடம்பில் மயிர் வந்ததோடு அதுவும் கூர்மையானது என்பது அவர்கள் முடிவு. அறிவின் இருப்பிடம் என்று நாம் கொண்டாடும், மூளையின் மேலடுக்கான புறணி, இருட்டில் பூச்சி தேடிய மூக்குக்கும் மயிருக்கும் வேலை செய்யத்தான் முதலில் வளர்ந்திருக்கிறது. எனக்கு இதில் துளியும் ஏமாற்றமில்லை, பெருமைதான்.

இரவில் சமையலறைச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறை விரட்டாமல் கொஞ்சம் கவனியுங்கள். மூக்கு ஓயாமல் ஆடும். மீசை சுவரைத் தடவிக்கொண்டே போகும். அது ஆதிப் பிராணியின் நகல் அல்ல, நம்மைப் போலவே அதுவும் மாறி வந்ததுதான். ஆனாலும் அந்த வாழ்க்கையை ஊகிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புறணிக்குள் எது எங்கே இருந்தது என்பதை எலும்பு சொல்லாது. அதற்கு முள்ளெலி, ஒப்போசம் போன்ற இன்றைய உயிர்களை ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்ட ஆய்வாளர் ஜான் காஸ், ஆதிப் பாலூட்டியின் புறணியில் சுமார் 20 பகுதிகளே இருந்திருக்கும் என்கிறார். பார்வை பின்பக்கம், தொடுகை முன்னால், கேட்டல் பக்கவாட்டில். எலியிலும் இதே வரிசைதான். அதன் ஒவ்வொரு மீசை மயிருக்கும் புறணியில் தனித்தனி உயிரணுக் கொத்து இருப்பதை 1970இல் வூல்சியும் வான் டெர் லூஸும் காட்டினார்கள். 2016இல் வரைந்த மனித மூளை வரைபடத்தில் ஒரு பாதிக்கு 180 பகுதிகள். பார்வை இன்னும் பிடரிப் பக்கமே இருக்கிறது.

நமக்குள் ஒரு ஊர்வன மூளை, அதன்மேல் கவிழ்த்த பாலூட்டி மூளை என்று மேடைகளில் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் மறுக்கத் தோன்றும். பல்லிக்கும் புறணி உண்டு, மூன்றடுக்கில். நம்முடைய ஆறடுக்கு வானத்திலிருந்து வந்து உட்காரவில்லை. இருவருக்கும் பொதுவான மூதாதையிடம் இருந்த திசுவே திருத்தி அமைக்கப்பட்டது.